நெமேயா ஒயின்: பெயர் ஓர் ஊருக்கு, பெருமை இன்னோர் ஊருக்கு

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து பார்த்ததையெல்லாம் எழுதிவைத்த பௌசானியாஸ், பெலோப்பொனீஸ் தீபகற்பத்தின் வடகிழக்கில் இருந்த ஃபிலியூஸ் என்ற சிறு நகரத்துக்கும் போனார். அங்கே சந்தைத் திடலில் வெண்கலத்தால் செய்த ஒரு பெட்டை ஆடு நின்றது. அதன் உடம்பில் பெரும்பகுதியைப் பொன்னால் மூடியிருந்தார்கள். காரணத்தையும் அவர் குறித்திருக்கிறார். வானத்தில் ‘ஆடு’ என்று அந்த மக்கள் அழைத்த விண்மீன் உதிக்கும் பருவத்தில் திராட்சைக் கொடிகளுக்குத் தொடர்ந்து சேதம் வருமாம். வானத்து ஆட்டைச் சமாதானப்படுத்த மண்ணில் ஓர் ஆட்டை வைத்து மரியாதை செய்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் திராட்சைதான். ஏதென்ஸிலிருந்து தென்மேற்கே சாலைவழி ஏறத்தாழ 120 கி.மீ. போனால் வந்துவிடலாம். ஆனால் இங்கிருந்து வரும் பாட்டிலில் ஃபிலியூஸ் என்ற பெயரைப் பார்க்க முடியாது. நெமேயா என்றுதான் இருக்கும். கிரீஸில் சட்டப்படி எல்லை வகுத்த சிவப்பு ஒயின் பகுதிகளில் இதுதான் மிகப் பெரியது. திராட்சை ஒரே வகை, அயோர்யிட்டிகோ. விற்பவர்கள் சொல்லும் கதைகளுக்கும் குறைவில்லை: தொன்ம வீரன் ஹெராக்ளீஸ் குடித்த ஒயின், டிராய்ப் போர்க் கதையின் அரசன் அகமெம்னானின் விருந்தில் ஊற்றிய ஒயின், 3,000 ஆண்டுப் பாரம்பரியம். இந்தப் பழமையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் விளம்பரம் சுட்டிக்காட்டும் இடத்தில் அது இல்லை. பக்கத்து ஊரில் இருக்கிறது.

முதலில் நெமேயா. பண்டைக் காலத்தில் அது ஒரு நகரமே அல்ல. ஜீயஸ் கடவுளின் கோயிலும் விளையாட்டுத் திடலும் இருந்த புனித வெளி, அவ்வளவுதான். ஒலிம்பியா, டெல்பி, இஸ்த்மியா ஆகிய இடங்களைப் போலவே இங்கும் கிரேக்கர் அனைவருக்குமான போட்டிகள் நடந்தன. மரபுப்படி அவை தொடங்கியது கி.மு. 573, அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. பாம்பு கடித்து இறந்த ஒஃபெல்டிஸ் என்ற குழந்தையின் நினைவாகத் தொடங்கியவை என்பது தொன்மம். அதனால் நடுவர்கள் துக்க உடையாகக் கறுப்பு அணிவார்கள். வென்றவனுக்குக் காட்டுச் செலரிக் கீரையால் கட்டிய மாலை. போட்டிகளை நடத்தும் உரிமை அருகிலிருந்த கிளியோனே நகரத்திடமும் பிறகு ஆர்கோஸிடமும் இருந்தது. கி.மு. 330 வாக்கில் கட்டிய ஜீயஸ் கோயிலில் மூன்று தூண்கள் மட்டும் விழாமல் நின்றன. விழுந்து கிடந்த கல்வட்டுகளை அடுக்கி மேலும் சிலவற்றை எழுப்பியதால் இப்போது ஒன்பது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மில்லர் 1970-களில் தொடங்கிய அகழாய்வில் ஓட்டப் பந்தயத் திடலும், வீரர்கள் உள்ளே நுழைந்த கல் சுரங்கவழியும் வெளிவந்தன. 1996 முதல் அதே மண்ணில் பொதுமக்கள் வெறுங்காலோடு ஓடும் போட்டிகளும் நடக்கின்றன.

திருவிழாக் காலம் முடிந்ததும் ஆள் கலைந்துவிடும் இடம் இது. சுற்றியிருந்த நிலத்தில் பயிர் செய்தவர்களும் ஒயின் பிழிந்தவர்களும் அக்கம்பக்கத்து நகரங்களின் மக்கள். மேற்கே, அசோபஸ் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில் இருந்த ஃபிலியூஸ் அவற்றில் முக்கியமானது. இன்று நெமேயா என்ற பெயரோடு இருக்கும் சிற்றூர் பழைய கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஃபிலியூஸின் நிலத்தில் இருக்கிறது. 1920-கள் வரை அதன் பெயர் அயியோஸ் யோர்யோஸ், அதாவது புனித ஜார்ஜ். இடைக்காலப் பெயர்களையும் துருக்கியர் காலப் பெயர்களையும் நீக்கிப் பண்டைப் பெயர்களைச் சூட்டும் அரசின் வேலை நாடெங்கும் நடந்தபோது, இந்த ஊருக்குப் புகழ்பெற்ற பக்கத்து இடத்தின் பெயர் வந்து சேர்ந்தது. ஊரின் பெயர் மாறியபோதும் திராட்சையின் பெயர் மாறவில்லை. அயோர்யிட்டிகோ என்றால் அயியோஸ் யோர்யோஸ் ஊர்த் திராட்சை என்றுதான் பொருள்.

ஒயின் பெருமைக்கான பழைய சான்றுகளைத் தேடினால் அவை ஃபிலியூஸுக்கே கொண்டுபோகின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகக்காரர் அன்டிஃபனீஸ் எந்த ஊரில் எது சிறப்பு என்று ஓரிடத்தில் அடுக்குகிறார்: எலிஸிலிருந்து சமையல்காரன், ஆர்கோஸிலிருந்து கொப்பரை, ஃபிலியூஸிலிருந்து ஒயின், கொரிந்திலிருந்து படுக்கை விரிப்பு, சிக்கியோனிலிருந்து மீன், சிசிலியிலிருந்து பாலாடைக்கட்டி. திண்டுக்கல் பூட்டு, மணப்பாறை முறுக்கு, பத்தமடைப் பாய் என்று நாம் சொல்வோமே, அந்தப் பாணி. இப்படிப்பட்ட பட்டியலில் வரும் சரக்கைப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னதும் தலையாட்டுவார்கள்.

ஊரின் தொன்மக் கதையும் இதே திசையில் போகிறது. ஃபிலியாஸ் என்ற மூதாதையின் பெயரால் ஊர் அமைந்தது. அவன் ஒயின் கடவுளான டயோனிசஸின் மகன் என்று சொல்லப்படுவதைப் பௌசானியாஸும் ஏற்கிறார். டயோனிசஸின் பரிவாரமான சாட்டிர்கள் ஆடிப்பாடும் நாடக வகையை உருவாக்கியவராகக் கருதப்படும் பிராட்டினாஸ் இந்த ஊர்க்காரர். ஒயினோடு தொடர்பில்லாத ஒரு பெருமையும் ஊருக்கு உண்டு. சாக்ரடீஸ் நஞ்சு குடித்து இறந்த நாளைப் பற்றிய பிளேட்டோவின் உரையாடலில், அந்தக் கதை சொல்லப்படுவது ஃபிலியூஸில் வைத்துத்தான். கோப்பைக்குப் பேர்போன ஊர், உலகத்தின் மிகச் சோகமான கோப்பையைப் பற்றியும் கேட்டிருக்கிறது.

ஹெராக்ளீஸ் விஷயத்துக்கு வருவோம். நெமேயா ஒயினுக்கு ‘ஹெராக்ளீஸின் இரத்தம்’ என்று ஒரு செல்லப்பெயர். அவன் செய்த பன்னிரண்டு அருஞ்செயல்களில் முதலாவது நெமேயாச் சிங்கத்தைக் கொன்றது. அடர்சிவப்பு நிறத்தை அந்தச் சண்டையோடு முடிச்சுப்போடுவது எந்த விளம்பரக்காரருக்கும் எளிது. ஆனால் இந்த வட்டாரத்தில் ஹெராக்ளீஸையும் ஒயினையும் உண்மையாகவே சேர்க்கும் கதை ஒன்று பௌசானியாஸிடம் இருக்கிறது. அதை எந்த லேபிளிலும் போடமாட்டார்கள். ஏதோ வேலையாக ஃபிலியூஸுக்கு வந்திருந்த ஹெராக்ளீஸை, அவன் மாமனார் ஓய்னியஸ் வந்து பார்க்கிறார். விருந்தில் சியாத்தோஸ் என்ற பையன் ஊற்றிக் கொடுத்தது ஹெராக்ளீஸுக்குப் பிடிக்கவில்லை. ஒற்றை விரலால் பையன் தலையில் ஒரு சுண்டு சுண்டினான்; பையன் அங்கேயே இறந்துபோனான். அவன் நினைவாக ஊரார் ஒரு சிறு கட்டடம் எழுப்பி, பையன் ஹெராக்ளீஸிடம் கோப்பையை நீட்டும் சிலையை வைத்திருந்தார்கள். இந்த ஊர்ச் சரக்குக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இது என்றால், அதைவிடக் கடுமையானது பிறகு வரவில்லை.

அகமெம்னானின் மைசீனே கோட்டை அருகில்தான், தெற்கே மலையைத் தாண்டி. மைசீனிய நாகரிகத்தில் ஒயின் இருந்ததில் ஐயமில்லை. அந்தக் காலத்து லீனியர் பி எழுத்துப் பலகைகளில் ஒயினுக்குத் தனிக்குறியீடு உண்டு. பைலோஸ் அரண்மனைப் பலகைகளில் டயோனிசஸின் பெயரே வருகிறது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து அது. மைசீனே அரசர்களுக்குச் சுற்றுப்புறப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஒயின் போயிருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. இன்றைய பாட்டிலில் இருப்பது அதே ஒயின் என்று சொல்வதுதான் தவறு.

அந்தக் கால ஒயினை இன்று நம் முன் வைத்தால் அடையாளமே தெரியாது. கொய்த குலைகளைப் பத்துப் பகல் பத்து இரவு வெயிலிலும் பனியிலும் போட்டு, ஐந்து நாள் நிழலில் வைத்து, ஆறாம் நாள் பிழியச் சொல்கிறார் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட். பாதி உலர்ந்த பழத்தில் சர்க்கரை செறிந்திருக்கும். கிடைப்பது கெட்டியான, இனிப்பேறிய ஒயின். ஒழுகாமலிருக்க மண்சாடிகளின் உட்புறம் பிசின் பூசுவது வழக்கம், அந்த வாசனையும் சேரும். குடிக்கும்போது பெரிய கலவைத் தாழியில் தண்ணீர் விட்டுக் கலக்குவார்கள். கலக்காமல் குடிப்பதை நாகரிகமற்றவர் பழக்கம் என்று கிரேக்கர் ஏளனம் செய்தனர். மேல்மண்ணை மோந்தது போன்ற வாசனை, ஓக் மரத்தின் சாயல் என்றெல்லாம் இன்று நாம் தேடும் குணங்கள் அவர்கள் கணக்கிலேயே இருந்திருக்காது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் 56ஆம் பாட்டு நினைவுக்கு வரும். பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ பொற்கலத்தில் ஏந்தப்படுவதைப் பாடுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த இருகைச் சாடித் துண்டுகளில் ஏஜியன் கடலின் கோஸ் தீவுப் பாணியில் அமைந்தவை கணிசம். இத்தாலியச் சாடிகளும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது அந்தக் காலத்தில் பேர்போன முறை. ஆக, கிரேக்கத் திராட்சைச் சாறு தமிழ்க் கரைக்கு வந்தது உண்மை. ஆனால் அது கப்பல் கட்டி வணிகம் செய்த தீவுகளின் சரக்கு. மலைகளுக்கு உள்ளே ஒடுங்கிய ஃபிலியூஸின் ஒயினை அதோடு சேர்க்க ஆதாரம் இல்லை.

சரி, கொடியாவது பழையதா? கிரீஸில் பண்டை எழுத்தோடு ஓரளவு நம்பிக்கையாக இணைத்துச் சொல்லும் சிவப்புத் திராட்சை லிம்னியோ. லெம்னோஸ் தீவின் பெயரால் அமைந்த திராட்சையைப் பழைய நூல்கள் குறிக்கின்றன. அயோர்யிட்டிகோவுக்கு அப்படியொரு பத்திரம் கிடையாது. புனித ஜார்ஜின் பெயரைத் தாங்கிய ஒரு சொல், கிறித்தவம் பரவுவதற்கு முந்தியதாக இருக்க வழியும் இல்லை. வேறு பெயரில் அதே கொடி அதற்கு முன்பும் வளர்ந்திருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அது விருப்பம், சான்று ஆகாது.

என்னைக் கேட்டால், இந்த நிலத்தின் ஒயின் கதையில் சுவையான பகுதி ஹெராக்ளீஸும் அல்ல, அகமெம்னானும் அல்ல. 19ஆம் நூற்றாண்டுதான். லேபிள்கள் அதைப் பற்றி மூச்சே விடுவதில்லை, ஏனென்றால் அது உலர்திராட்சையின் கதை.

கொரிந்து நகரத்தின் பெயரால் உலகம் அறிந்த, மிளகைவிடச் சற்றே பெரிய, விதையில்லாத கறுப்பு உலர்திராட்சையைத்தான் சொல்கிறேன். பிரிட்டிஷ்காரர்களின் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் புட்டிங்குக்கும் அது வேண்டும். கிரேக்கம் துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்றபின் புதிய அரசுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்ததில் முதலிடம் அந்தச் சிறு பழத்துக்கு. 1860-களிலிருந்து ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. தோட்டம் இழந்த பிரெஞ்சு வணிகர்கள் கிரேக்க உலர்திராட்சையை வாங்கி ஊறவைத்து ஒயின் செய்தார்கள். விலை ஏறியது. கொரிந்து வளைகுடாக் கரையோரத்திலும் பெலோப்பொனீஸின் மேற்கிலும் விவசாயிகள் ஒலிவ மரங்களை வெட்டிவிட்டுக் கூட உலர்திராட்சைக் கொடி நட்டார்கள். நாட்டின் மொத்த ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரே பழத்திலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு.

பிரான்சின் தோட்டங்கள் அந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்டு மீண்டு வந்தன. உடனே பிரெஞ்சு அரசு தன் விவசாயிகளைக் காக்க இறக்குமதி வரியை உயர்த்தியது. 1893-இல் உலர்திராட்சை விலை சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் திரிகூப்பிஸின் அரசு கடன் கட்ட முடியாமல் திவாலானது. விற்காத பழத்தின் ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்கிச் சாராயம் காய்ச்சவும் ஒயின் செய்யவும் அனுப்பும் சட்டம் 1895-இல் வந்தது. பெலோப்பொனீஸ் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

தரமான சிவப்பு ஒயின் செய்ய இது நல்ல சூழல் அல்ல. திராட்சை என்பது எடைபோட்டு விற்கும் சரக்காகிவிட்டது. இரண்டு உலகப் போர்களும் உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டன. நெமேயாவில் 1937-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் விவசாயிக்கு வாங்க ஓர் ஆள் நிச்சயமானது பெரிய ஆறுதல். ஆயினும் வெகுகாலம் இந்தப் பகுதி ஒயின் பீப்பாயிலும் டேங்கர் லாரியிலும் மொத்தமாகப் போய், நிறம் குறைந்த வேறு ஒயின்களுக்கு நிறம் ஊட்டப் பயன்பட்டது. அல்லது தவெர்ணா உணவகங்களில் பெயரின்றிக் கூஜாவில் வந்தது.

இன்றைய நெமேயாவின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஆண்டு 1971. ஏதென்ஸின் ஒயின் ஆய்வு நிறுவனத்தை வழிநடத்திய வேதியியலாளர் ஸ்டாவ்ரூலா குராக்குவின் முயற்சியில், பிரெஞ்சு முறையைத் தழுவி, எந்த எல்லைக்குள் எந்தத் திராட்சையில் செய்தால் எந்தப் பெயரைப் போடலாம் என்று சட்டம் வந்தது. நம்மிடையே பழகிப்போன புவிசார் குறியீட்டைவிட இறுக்கமான ஏற்பாடு. நெமேயா என்று போட வேண்டுமானால் நூறு சதவீதம் அயோர்யிட்டிகோ. எல்லைக்குள் விளைந்த பழமே ஆனாலும் கபர்னே சோவின்யோன் என்ற பிரெஞ்சுத் திராட்சை கலந்தால் பெயர் கிடையாது. ஒயின் தயாரிப்பாளர் யோர்கோஸ் ஸ்கூராஸ் 1980-களில் இந்த இரண்டையும் கலந்து உருவாக்கிய ‘மேகாஸ் ஓய்னோஸ்’ பெரும்பெயர் பெற்றது. இன்றும் நெமேயா என்ற சொல் இல்லாமலேயே விற்கிறது. பாப்பயொன்னு குடும்பம், 1994-இல் தொடங்கிய கையா நிறுவனம் போன்றவர்கள் விளைச்சலைக் குறைத்து, ஓக் பீப்பாயில் முதிரவைத்து, கூஜா ஒயினுக்கு வெளியே ஒரு விலையைக் காட்டிய பிறகுதான் உலகச் சந்தை திரும்பிப் பார்த்தது.

அயோர்யிட்டிகோ ஒயின் நல்ல அடர்சிவப்பு. செர்ரி, பிளம் பழ வாசனை. பட்டை, கிராம்பு நினைவூட்டும் இனிய மசாலா மணம். துவர்ப்பு உண்டு, ஆனால் மென்மையானது. வடக்கு கிரீஸில் நவுஸா பகுதியின் சினோமாவ்ரோ நாக்கை இழுத்துப்பிடிக்கும் புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். அதோடு வைத்துப் பார்த்தால் இது சமாதானமான ஒயின். அந்தச் சமாதானமே அதன் பலவீனமும். வெயில் அதிகமான தாழ்நிலத்தில், உரமான மண்ணில், கொடியை இஷ்டத்துக்குக் காய்க்கவிட்டால் புளிப்பு விழுந்து, தட்டையான, பழக்கூழ் போன்ற ஒன்று வரும். கொடிகளில் இலைச்சுருட்டு போன்ற வைரஸ் நோய்களும் பரவலாக உள்ளதால் பழம் சீராகப் பழுப்பதில்லை. நோயற்ற நாற்றுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அறுவடை பிந்தியது, உயரத்து ஊர்களில் அக்டோபர் வரை இழுக்கும், அதற்குள் இலையுதிர்கால மழை முந்திக்கொண்டால் அழுகல்.

உயரம் என்றேன். நெமேயாவின் சிக்கல் முழுதும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. சட்டம் வகுத்த எல்லைக்குள் ஏறத்தாழ 250 மீட்டரில் இருக்கும் பள்ளத்தாக்குத் தரையும் உண்டு, 850 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மலைத்தோட்டமும் உண்டு. தரையில் செம்மண் களி, மிகுந்த விளைச்சல். நடுச்சரிவில், கூட்சி கிராமத்தைச் சுற்றி, சுண்ணாம்பு கலந்த வறண்ட மண். பெரும்பாலான நல்ல தயாரிப்பாளர்கள் நிலம் தேடிப்போனது அங்கேதான். மேலே அஸ்ப்ரோகாம்போஸ் போன்ற ஊர்களில் இரவுக் குளிர் கடுமை, அதனால் புளிப்பு காய்ந்துபோவதில்லை. இந்த மூன்று உலகத்துக்கும் லேபிளில் ஒரே பெயர். கடையில் மலிவான நெமேயாவும் அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள நெமேயாவும் அக்கம்பக்கமாக நிற்பதற்கு இதுவும் காரணம். வாங்குகிறவருக்கு என் யோசனை: சிங்கம், ஹெராக்ளீஸ் படங்களைத் தாண்டிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். கிராமத்தின் பெயரோ தோட்டத்தின் உயரமோ எழுதியிருந்தால் செய்தவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

பகுதியைக் கிராமவாரியாகவோ உயரவாரியாகவோ பிரித்துத் தனிப்பெயர் கொடுக்கலாம் என்ற பேச்சு நெடுநாளாக ஓடுகிறது. சரிவில் நிலம் வைத்திருப்பவர்கள் விரும்புகிறார்கள். தரையில் பயிர்செய்யும் சிறு விவசாயிக்கோ நெமேயா என்ற பெயர்தான் விலை, அதை இரண்டாந்தரம் ஆக்குவதற்கு அவர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? இதற்கிடையே கோடைகள் சூடேறி வருகின்றன. முன்பு பழம் சரியாகப் பழுக்காது என்று ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கு ஒதுக்கிய மேட்டுத் தோட்டங்களில் இப்போது சிவப்பு ஒயினுக்கான பழம் நன்றாகவே பழுக்கிறது. தயாரிப்பாளர்கள் மலையேறிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிலியூஸ் இருந்த பள்ளத்தாக்குத் தரையில் விளைவது பெரும்பாலும் இன்னும் கூஜாவுக்கும் மலிவு பாட்டிலுக்கும்தான் போகிறது.